நீக்கிய படம்

சுமலதா மருத்துவப் படவியலில் ஆராய்ச்சி மாணவி. எக்ஸ்ரேயைப் பார்த்துக் கணினியே நுரையீரல் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவள் ஆய்வு. அதற்காகக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைத் தொழிலாளர்கள் முந்நூறு பேரைப் படம் எடுத்திருந்தாள். வரதன் என்பவரின் படத்தில் மட்டும் மேல்பக்கம் மங்கலாக ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். ஆனால் கட்டுரை அனுப்ப இரண்டே நாள்தான் இருந்தது. ஆள் அசைந்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்தப் படத்தை ஆய்விலிருந்து நீக்கிவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, பழைய கோப்புகளைச் சரிபார்த்தபோது அது மறுபடி கண்ணில் பட்டது. இந்த முறை மருத்துவரிடம் காட்டினாள்.

"டிபி மாதிரி இருக்கே. இவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார் அவர்.

மறுநாள் காலையிலேயே வரதனின் வீட்டுக்குப் போனாள். அவர் பாதியாய் இளைத்திருந்தார்.

"இருமிக்கினேதான் கீறாரு. படத்துல ஒண்ணும் இல்லன்னுதானே சும்மா இருந்தோம்?" என்றாள் அவர் மனைவி ரோசம்மாள்.

"இருந்துச்சு அக்கா. நான் பார்த்தேன். நான்தான் சொல்லல."

ரோசம்மாள் அவளையே பார்த்தாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. இப்ப எம் பொண்ணும் இருமுது."

சுமலதா வரதனையும் மகளையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்; ரோசம்மாளும் கூட வந்தாள். சிறுமிக்கும் அதே நோய்தான். ஆறு மாதம் மருந்து சாப்பிட்டால் இருவருக்கும் குணமாகிவிடும் என்றார்கள். திரும்பும் வழியெல்லாம் ரோசம்மாள் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.