பேரல் இருந்த இடம்

எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னபோதுதான் டின்சிக்குச் சந்தேகம் தட்டியது.

“ஜின்சன் தைரியசாலிங்க. கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்.”

வாசலில் வரவேற்ற டாக்டர் இதைச் சொன்னார். காப்பி நீட்டிய மில்காரரும் சொன்னார். கிளப் தலைவர் கோகுல்நாத் கண் கலங்கிக்கொண்டே அதையேதான் சொன்னான். ஒரே டியூஷனில் படித்த பிள்ளைகள்கூட ஒரு சொல்லாவது மாற்றி எழுதும்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கோகுல்நாத்தின் அப்பா குப்பண்ணனுடைய தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்த மண் ஓடுதளம். இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்களை வாங்கி வைத்திருக்கும் ஏழெட்டுப் பேரின் கிளப். டின்சியின் தம்பி ஜின்சன் சாந்தன்பாறை ஏலத்தோட்டத்திலிருந்து அங்கே மெக்கானிக்காகப் போனவன், பறக்கவும் கற்றுக்கொண்டான். போன மாதம் தனியாகக் கிளம்பி, தோப்பைத் தாண்டுவதற்குள் விழுந்து செத்துப்போனான்.

தாழப் பறந்து சாகசம் காட்டினான் என்றது கிளப். அந்தப் பேச்சு மலையேறி சாந்தன்பாறை சர்ச் வரைக்கும் வந்துவிட்டது. குடித்திருந்தானா என்று அம்மா இன்பமேரியின் முகத்துக்கு நேரே ஒருத்தி கேட்டாள். அன்றிலிருந்து அம்மா பூசைக்குப் போகவில்லை. நாளை விசாரணை அதிகாரிகள் வருகிறார்கள். இவர்கள் சொல்வதைத்தான் எழுதிக்கொண்டு போவார்கள். தம்பி போனது போதாதென்று அவன் பேரும் போக வேண்டுமா?

இன்று அஞ்சலி. தங்களில் ஒருவர் விழுந்தால், மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து பறந்து, அவர் விழுந்த இடத்தில் பூத் தூவுவது அந்த கிளப்பின் வழக்கம். கோகுல்நாத்தின் விமானத்தில் டின்சிக்கு இடம். போனில் வீடியோ போட்டு அம்மாவுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள்.

ஷெட்டுக்குள் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் புத்தம்புதுக் கேன்கள், பங்க்கிலிருந்து காரில் கொண்டுவந்தவை. ஜின்சன் போனில் பேசும்போதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு நீல நிறப் பெட்ரோல் பேரல் தெரியும். இப்போது அந்த மூலையில் வட்டமான துருக்கறை மட்டும் இருந்தது.

“பேரல் எங்க சார்?”

“ஒழுகிப் போச்சு” என்றார் டாக்டர். “போலீஸ் எடுத்துட்டுப் போனாங்கல்ல?” என்றார் மில்காரர். “வித்துட்டோமுங்க அக்கா” என்றான் கோகுல்நாத். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், இந்தக் கேள்விக்குப் பாடம் தயார் செய்ய மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

டின்சி ஷெட்டுக்குப் பின்னால் போனாள். அங்கே குப்பண்ணன் தென்னைக்கு மருந்தடிக்கும் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“பாரு அம்மணி, ரெண்டு தடவ பொக்கு பொக்குங்குது, நின்னு போயிருது. புது மிசினு!”

“என்ன பெட்ரோல் ஊத்துனீங்க அய்யா?”

“அந்த பேரல்ல கெடந்ததுதான். அத்தனையும் குழியில கொட்டச் சொல்லிப்போட்டான் எம் பையன். மனசு கேக்குமா? ஒரு கேன் புடிச்சு வெச்சேன். மூடியத் தெறந்தே போட்டு வெச்சானுக, அந்த மழையில என்னத்துக்கு ஆவும்?” பெருமூச்சு விட்டார். “உந் தம்பி விழுந்த அன்னைக்கு எம் பையன் கூட்டாளிக வேற வந்திருந்தாங்க. தம்பி பெட்ரோல என்னமோ பாக்கோணும்னுச்சு. இவனே டேங்குல ஊத்திப்போட்டு, கெளம்பு கெளம்புன்னு தொரத்துனான்.”

டின்சி தன் தண்ணீர் பாட்டிலைச் சொட்டில்லாமல் காலி செய்து, கேனிலிருந்த பெட்ரோலை அதில் ஊற்றினாள். சற்று நேரத்தில் பெட்ரோலுக்கு அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. அவசரப்பட்டது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

ஓடுதளத்தில் இன்ஜின்கள் இரைந்துகொண்டிருந்தன. கோகுல்நாத் பூக்கூடையை நீட்டினான். டின்சி வாங்கவில்லை. கையோடு தூக்கி வந்த கேனை அவன் காலடியில் வைத்தாள்.

“இத ஊத்துங்க சார். சாகசமெல்லாம் வேணாம், ஒசரமாவே பறங்க. நானும் பின்னாடி உக்காந்து வாறேன்.”

கோகுல்நாத்தின் முகத்தில் ரத்தம் வற்றியது. பக்கத்து விமானத்தில் டாக்டர் இன்ஜினை நிறுத்தினார். பிறகு மற்றவர்களும் நிறுத்தினார்கள். கேனைத் தேடி வந்த குப்பண்ணன் மகனைப் பார்த்தார், கேனைப் பார்த்தார்.

“ஏன்டா கோகுலு, ஊத்துனா என்ன ஆவும்?”

அவன் பூக்கூடையைக் கீழே வைத்தான்.

“உன்னையத்தான்டா கேக்கறேன்!”

“இன்ஜின் நின்னுரும்ப்பா. எந்திரிச்சதும் நின்னு… விழுந்துரும். அன்னைக்கும் அப்படித்தான் விழுந்துச்சு.”

பூத் தூவுவதைப் பார்க்க அம்மா முன்பே லைனில் வந்திருந்தாள். டின்சி போனை முகத்துக்கு நேரே தூக்கினாள்.

“கேட்டுச்சாம்மா?”

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“கேட்டேன்டி. நாளைக்கு அந்த ஆபீசருக முன்னாடியும் இதையே சொல்லச் சொல்லு. அது வரைக்கும் எம்புள்ளைக்கு ஒருத்தரும் பூப்போட வேணாம்.”