காணாமல் போன மூன்று தக்காளி

மர்பி டவுனில் கோதண்டராமனுடைய வீட்டில், மேல் மாடியில் குடியிருந்தவள் சோஃபியா. வயது நாற்பத்தாறு, தனி ஆள். அல்சூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. இந்த வருஷம் மொட்டை மாடியில் ஒன்பது பைகளில் தக்காளி போட்டிருந்தாள்.

முதல் மாதம் ஜோராகத்தான் வளர்ந்தன. அப்புறம் காய்களின் அடிப்பக்கம் கறுத்து அமுங்க ஆரம்பித்தது. ஒரு நாள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றுவது, இரண்டு நாள் மறந்துவிடுவது என்று இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று நர்சரிக்காரர் சொன்னார். வேளை தவறாமல் ஊற்றினாள், அது நின்றது. உடனே இலை சுருள ஆரம்பித்தது. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை ஈ. தொட்டதும் மாவு தூவினாற்போல் பறந்து, மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. வேப்பெண்ணெய் அடித்தாள், சோப்புத் தண்ணீர் அடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

பள்ளி வேன் டிரைவர் கோவிந்தப்பாவுக்கு மாலூர் பக்கம் நிலம் இருந்தது. அவர்தான் ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலில் பூச்சிமருந்து ஊற்றிக் கொண்டுவந்தார்.

"ஒரு லிட்டருக்கு ரெண்டு எம்.எல். மேடம், அஷ்டே, அவ்ளோதான். நாளைக்கு ஒரு ஈ இருக்காது."

சனிக்கிழமை சாயந்திரம் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு அடித்தாள். நெடி தாங்கவில்லை. மொட்டை மாடிக்கு எல்லா வீட்டாரும் துணி காயப்போட வருவார்கள். சொல்லி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு காலை சர்ச்சிலிருந்து வந்ததும், கட்டிய புடவையோடு மேலே போய்ப் பார்த்தாள். ஈ ஒன்றுகூட இல்லை. சந்தோஷமாக ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், மூலைச் செடியில் நின்றுவிட்டாள். சிவக்க ஆரம்பித்திருந்த மூன்று பழங்களைக் காணோம்.

குரங்கோ என்று முதலில் நினைத்தாள். கீழே தோல் இல்லை, விதை இல்லை. காம்பைப் பார்த்தாள். நகத்தால் பக்குவமாகக் கிள்ளியிருந்தது.

யார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நடு மாடியில் புருஷன் ப்ரஹ்லாத்தோடு இருந்த ரூபினிக்கு ஏழாம் மாதம். நாலு நாள் முன்னால்தான், "நம்ம தக்காளியில ரசம் வெச்சா எப்படியிருக்கும்க்கா!" என்று சிரித்திருந்தாள். "பழுக்கட்டும், நீயே பறிச்சுக்கோ" என்று சொன்னதும் சோஃபியாதான்.

படியில் இரண்டிரண்டாக இறங்கினாள். ரூபினியின் வீட்டில் பூட்டுத் தொங்கியது. அவளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கீழே கோதண்டராமன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், ரூபினி எங்க?"

"காலைல ஒரே வாந்திம்மா. ப்ரஹ்லாத் ஆட்டோல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். ஏன், உனக்கு ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

சோஃபியா எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுக்கொண்டு, மேலே ஓடி அந்தப் பாட்டிலை எடுத்துக் கவரில் சுற்றினாள். ஆட்டோவில் ஏறியதும் கோவிந்தப்பாவைக் கூப்பிட்டாள். அவர் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். நாதஸ்வரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"மருந்து பேர் என்ன கோவிந்தப்பா? பேர், பேர்!"

"பேர் கொத்தில்ல மேடம், தெரியாது. தம்பிதான் வாங்கினான். ஏன், என்ன ஆச்சு?"

"அடிச்ச பழத்தை ஒருத்தர் சாப்பிட்டுட்டாங்க. மாசமா இருக்கிற பொண்ணு."

அவர் மண்டபத்துக்கு வெளியே வந்துவிட்டார் போல, நாதஸ்வரம் இப்போது தூரத்தில் கேட்டது.

"அய்யோ தேவரே! அடிச்சா ஒரு வாரம் பறிக்கக்கூடாது மேடம். நான் சொல்லலியா?"

அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தம்பியிடம் சொல்லி டப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வதாகக் கோவிந்தப்பா போனை வைத்தார். சிக்னலில் ஆட்டோ நின்றது. பக்கத்து வண்டியில் ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்தி இவளையே பார்த்தது. சோஃபியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ப்ரஹ்லாத் உட்கார்ந்திருந்தான். பீன்யாவில் ஃபேக்டரி வேலை. எப்போதும் சிரித்த முகம்.

"வாங்கக்கா. நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்? வயித்துல வெறும் கேஸ்னு சொல்றாங்க. டிரிப் ஏத்திட்டு அனுப்பிடுவாங்களாம்."

அந்த ஒரு நொடி சோஃபியாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கவரைப் பைக்குள் தள்ளிவிட்டு, அப்படியா, சந்தோஷம் என்று திரும்பியிருக்கலாம். கேஸ்தானோ என்னவோ. சொன்னால் இந்தப் பையன் என்ன செய்வான்? போலீசுக்குப் போவானா? ஆனால் அந்த நெடி இன்னும் அவள் விரலிலேயே இருந்தது.

"ப்ரஹ்லாத், அவ மாடியிலிருந்து தக்காளி பறிச்சாளா?"

"ஆமாக்கா, காலைல ரசம் வெச்சா. நீங்கதான் பறிச்சுக்கச் சொன்னீங்களாமே?"

"நேத்து அதுல பூச்சிமருந்து அடிச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போக நேரமாயிற்று. பிறகு எழுந்தான். அடிக்கப்போகிறான் என்றே அவள் நினைத்தாள். அவனோ அவளைத் தாண்டி, "டாக்டர்! டாக்டர்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான்.

டாக்டரம்மா பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்து, "இதுல லேபிளே இல்லையே?" என்றார். சரியாக அப்போது சோஃபியாவின் போனுக்கு டப்பாவின் போட்டோ வந்தது. டாக்டரம்மா மருந்தின் பெயரை இரண்டு தடவை படித்தார். எவ்வளவு கலந்தீர்கள், எத்தனை மணிக்கு அடித்தீர்கள், எத்தனை பழம் என்று கேட்டுக்கொண்டே போனார். உள்ளே ரூபினியிடமும் கேட்டார்கள். இரண்டு பழம் ரசத்தில் போட்டாளாம், நன்றாகக் கழுவினாளாம். மூன்றாவது ஃபிரிட்ஜில் இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஆறு மணி நேரம் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். வராந்தாவின் ஒரு முனையில் ப்ரஹ்லாத், மறு முனையில் சோஃபியா. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அவளுக்கு உயிர் போய் வந்தது.

நடுவில் நர்ஸ் கதவைச் சாத்தாமல் விட்டுப் போனாள். உள்ளே ஏதோ கருவியை வயிற்றில் வைத்திருந்தார்கள். முதலில் இரைச்சல். பிறகு தையல் மெஷின் வேகமாக ஓடுவது போல ஒரு சத்தம், விடாமல். "பேபி ஹார்ட் நல்லா இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். சோஃபியா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

சாயந்திரம் டாக்டரம்மா வெளியே வந்தார். "ரத்தத்துல ஒண்ணும் இல்ல. வாந்தி இதனாலயா, வேற எதாலயான்னு என்னால சொல்ல முடியாது. நீங்க வந்து சொன்னதால நாங்க பார்க்க முடிஞ்சது" என்றார். கூடவே, "இருமல் மருந்து பாட்டில்ல விஷம் வெப்பாங்களாம்மா?" என்றும் கேட்டார்.

மறுநாளே ஒன்பது பைகளிலும் இருந்த காய்களைப் பறித்து மூட்டை கட்டினாள். சுருண்ட செடிகளைப் பிடுங்கினாள். நல்லதாக நாலு செடி மிஞ்சியது. ஈ திரும்ப வந்தபோது மஞ்சள் பசை அட்டை கட்டினாள். கொஞ்சம் ஈ ஒட்டியது, கொஞ்சம் இருந்துவிட்டுப் போயிற்று. மாடிக் கதவில், இங்கே என்ன அடித்திருக்கிறது, என்றைக்கு அடித்தது என்று எழுத ஒரு சிலேட்டு மாட்டினாள். அந்த நாலு செடியிலிருந்து அவள் ஒரு பழமும் தின்னவில்லை. வாயருகே கொண்டு போனாலே அந்த நெடி வந்துவிடும்.

ரூபினி பத்து நாளில் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள். ப்ரஹ்லாத் பேசவில்லை. படியில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவான், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. சோஃபியா பார்க்கப் போனாள். வாசலுக்கு மேல் கால் வரவில்லை. ப்ரஹ்லாத் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தான். அவள் கையில் கொடுக்கவில்லை. ஆனால் துணியை விலக்கி, பத்து விரலும் தெரியும்படி அவள் பக்கமாகத் திருப்பிக் காட்டினான்.