மிஷினுக்கு வைத்த பொட்டு

"இன்னைக்கு ஒரு நாளைக்கு நீ மிஷின் பக்கம் வராத. பூச முடியட்டும்."

கண்ணாடியைப் பார்த்தபடியேதான் லோஜினி இதைச் சொன்னாள். குங்குமத்தை வட்டம் பிசகாமல் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்த சுலக்ஷனா சீப்பை நிறுத்தினாள்.

"நான்தானேக்கா அத ஓட்டணும்?"

"ஓட்டு, யாரு வேணாம்னா? ஆயுத பூசையும் அதுவுமா மொத மொத ஒன் மூஞ்சியிலயா அது முழிக்கணும்? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கன்னுதான் சொல்றேன்."

அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி ரொட்டி தின்றுகொண்டிருந்த கணேசமூர்த்தி, "அக்கா சொல்றது சரிதாம்மா" என்றான். லோஜினியின் கணவன் அவன். அவனுடைய தம்பி பெண்டாட்டிதான் சுலக்ஷனா. மரக்கறி லொறி கவிழ்ந்து தம்பி செத்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து மூவருக்கும் தோட்டத்து லயத்தில் ஒரே அறை, ஒரே காம்பராதான்.

லோஜினிக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? வெறும் பொறாமையில்லை, சோறு இறங்காத பொறாமை.

இருவரும் ராகலையில் சட்டை தைக்கிற ஒரே தொழிற்சாலையில், ஒரே காமன்ட்டில் வேலை செய்கிறார்கள். சட்டைக்குப் பொக்கெட் தைக்கிற இடத்தில் நான்கு பெண்கள். அவர்களில் கெட்டிக்காரி லோஜினிதான். அவள் வைத்த பொக்கெட் ஒரு நூல்கூடக் கோணாது. அப்போதுதான் புது மிஷின் வருகிறது என்றார்கள். துணியை வைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதுமாம். அதற்கென்று ஒரு கண்ணாடிக் கண் இருக்கிறதாம். துணி சரியாக இருக்கிறதா என்று அதுவே பார்த்து, அதுவே மடித்து, அதுவே தைத்துத் தள்ளிவிடுமாம். நான்கு பேர் வேலைக்கு இனி ஒருத்தி போதும். மற்ற மூவரும் நூல் வெட்டுகிற மேசைக்குப் போகவேண்டியதுதான்.

சுப்பவைசர் ஜூட்சன் முதலில் லோஜினியைத்தான் கேட்டார். இரண்டு கிழமை கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கவில் தங்கிப் பழகி வரவேண்டும். அன்று வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னாள் அவள். கணேசமூர்த்தி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

"கல்யாணம் கட்டுன பொம்பள வெளியூர்ல போயி தங்குவியா? தோட்டத்துச் சனம் என் மூஞ்சியிலதான் காறித் துப்பும்."

பிறகு ஜூட்சன் சுலக்ஷனாவைக் கேட்டார். போகாதே என்று சொல்ல அவளுக்கு யார் இருக்கிறார்கள்? பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். தாலி கட்டியிருந்தவள் நூல் வெட்டப் போனாள், தாலி அறுத்தவள் மிஷின் பழகி வந்தாள்.

கோபம் நியாயமாகப் புருஷன் மேல்தான் வந்திருக்கவேண்டும். ஆனால் புருஷனைத் திட்டினால் வீடு இரண்டாகும். இவளைத் திட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? போயும் போயும் ஒரு விதவையைப் பார்த்தா வயிறெரிகிறோம் என்று லோஜினிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டால் மட்டும் எரிச்சல் அடங்கிவிடுமா என்ன!

காமன்ட்டில் வாழைக்குலை, தோரணம், பொரி, கடலை என்று ஒரே அமர்க்களம். புது மிஷினுக்கு மட்டும் தனியாக மல்லிகை மாலை. சுலக்ஷனாவை ஸ்டோர் கதவோரம் நிற்க வைத்துவிட்டார்கள். நிற்கச் சொன்னவள் பேச்சியம்மா, அந்தத் தையல் லைனிலேயே வயதில் மூத்தவள்.

"பொட்டு வச்சு மொதத் துணியையும் ஒரு சுமங்கலியே போடட்டும். லோஜினி, நீ வா!"

ஜூட்சன் வேதக்காரர், கிறிஸ்தவர். "ஒங்க சாமி விசயத்துல நான் தலையிட மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

லோஜினி குழைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். இந்த மிஷின் என்னுடையதாக இருந்திருக்க வேண்டியது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பொட்டு எங்கே வைப்பது? நேர் முன்னால், நெற்றி மாதிரி ஒரு இடத்தில், பளபளவென்று வட்டமாய் ஒரு கண்ணாடி. பெரிதாக, அப்பி, அங்கேயே வைத்தாள். சூடம் காட்டினார்கள். துணியைப் போட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மிஷின் அசையவில்லை.

மறுபடி அழுத்தினாள். திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்தது. ஜூட்சன் குனிந்து படித்தார். "துணி இல்லன்னு சொல்லுது. துணிதான் இருக்கே!"

"நேத்து மிஷினப் பூட்டித் தொடச்சு வச்சப்ப முழுக்க அவ கைதான பட்டுச்சு?" என்றாள் பேச்சியம்மா, ஸ்டோர் பக்கம் பார்த்து. "அறுத்தவ தொட்டது வெளங்குமா? சாமிக்கே ஆகல."

"மெனேஜர் மாத்தயா இப்ப வந்துருவாரு" என்றார் ஜூட்சன். அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது. "ஆள மாத்தித்தான் ஆகணும் போல. லோஜினி, வேல தெரிஞ்சவ நீதான். ஒம் புருசன்கிட்ட நானே வந்து பேசுறேன்."

அப்போதுதான் லோஜினிக்குப் பொறி தட்டியது. கண்ணாடிக் கண்! அதன் மேல் அல்லவா பொட்டு அப்பிக் கிடக்கிறது! குருடாக்கிவிட்டுத் துணி தெரிகிறதா என்று கேட்டால் அது என்ன செய்யும்? சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் மிஷின் ஓடும். ஓடினால் அது சுலக்ஷனாவுக்கு. எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

யாரும் கூப்பிடாமலே சுலக்ஷனா வந்தாள்.

"ஏய், அங்கயே நில்லு!" என்றாள் பேச்சியம்மா.

நிற்கவில்லை. திரையைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். பிறகு லோஜினியின் சிவந்த விரலை ஒரு தடவை பார்த்தாள். ஒரு விரலால் பொட்டை வழித்தெடுத்து, மிஷினோடு வந்த மஞ்சள் துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். பொத்தானை அழுத்தினாள். மிஷின் துணியை இழுத்து, மடித்து, படபடவென்று பொக்கெட்டைத் தைத்து இந்தப் பக்கம் தள்ளியது. ஒரு நூல்கூடக் கோணவில்லை.

"கருமாதி அன்னைக்கு நீங்கல்லாம் சேந்துதான் என் பொட்ட அழிச்சீங்க" என்றாள் சுலக்ஷனா. "அக்கா, நீங்கதான் என் கையப் புடிச்சிருந்தீங்க. அதோட இவ கத முடிஞ்சிச்சுன்னு பேசிக்கிட்டீங்க. பாருங்க, இது அழிச்ச பொறகுதான் ஓடுது."

வாசலில் மெனேஜரின் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"கை, கை!" என்று பதறினார் ஜூட்சன். "வெள்ளத் துணி, கறை பட்டுறப் போகுது!"

சுலக்ஷனா தன் விரலைப் பார்த்தாள். ஈரமாய், சிவப்பாய் இருந்தது. மற்றக் கையில் மஞ்சள் துணி இருந்தது. அதில் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. விரலைத் தூக்கித் தன் நெற்றியிலே தீற்றிக்கொண்டாள்.

"அடிப் பாவி!" என்று நெஞ்சில் கை வைத்தாள் பேச்சியம்மா.

சுலக்ஷனா அடுத்த துணியை எடுத்து வைத்தாள்.

லோஜினி நூல் வெட்டுகிற மேசைக்குத் திரும்பினாள். கத்தரியை எடுத்தவள் தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பொட்டு வட்டமாகக்கூட இல்லை, கோணலாய் இழுபட்டிருந்தது. ஆனாலும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று தான் பார்த்துப் பார்த்து வைத்த பொட்டைவிட அதுதான் அழகு என்று அவளுக்குத் தோன்றியது. யாரையும் கேட்காமல் வைத்துக்கொண்ட பொட்டு அல்லவா!

லோஜினிக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.