சிடுமூஞ்சி

என் நாத்தனாருக்கு மூக்கு கொஞ்சம் நீளம். சலவைக்கடையின் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டே, பின்பக்கம் பூனை எங்கே மூத்திரம் போனது என்று சொல்லிவிடுவாள். கடை அவளுடையது. இஸ்திரி போடுவது நான். வேன் ஓட்டுவது என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய தம்பி. அக்கா உட்காரச் சொன்னால், நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்காருகிற தம்பி.

பூனைக்குச் சிடுமூஞ்சி என்று பேர் வைத்தது நான்தான். பாய்லர் புகைக்குழாய் வெளியே வரும் இடத்தில் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும், அங்கேதான் படுக்கும். யார் வீட்டிலும் வளர்ந்ததில்லை. தட்டை வைத்துவிட்டு நான் உள்ளே போனால்தான் சாப்பிட வரும். தப்பித்தவறித் திரும்பிப் பார்த்தால் ஒரு சீறல். நன்றி கின்றி எதுவும் கிடையாது. அதுதான் எனக்குப் பிடித்தது. நாள் முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பல்லைக் காட்டுகிறவளுக்கு, யாரிடமும் வழியாத ஒரு ஜீவனைப் பார்ப்பதே ஆறுதல். மெல்ல மெல்ல, நான் பக்கத்தில் நிற்கும்போதே சாப்பிடத் தொடங்கியது. அன்றைக்குச் சந்தோஷத்தில் யாருடைய சட்டையையோ கருக்கிவிட்டேன்.

பிறகு ஓட்டல் படுக்கைவிரிப்புக் கூடைக்குள் குட்டி போட்டது. குட்டிகளுக்கு நான் ஆள் பிடித்துக் கொடுத்தும் நாத்தனார் ஆடிய ஆட்டம் அடங்கவில்லை.

"ஆபரேஷன் பண்ணிட்டா குட்டி போடாது, கத்தாது. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் அண்ணி," என்று கெஞ்சினேன்.

"சரி, பண்ணு. ஆனா நீதான் பிடிக்கணும். எங்க கைக்கு அது சிக்காது."

ஆள் வைத்துப் பிடிக்கப் பார்த்துத் தோற்றவள் அவள். அவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கால்நடை டாக்டர் கூண்டு கொடுத்தார். பட்டினி போட்டால்தான் உள்ளே வரும் என்றார். போட்டேன். ஒருநாளும் என்னிடம் எதுவும் கேட்காத சிடுமூஞ்சி, அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துக் கத்தியது. கூண்டுக்குள் மீனை வைத்துவிட்டு, கதவுக் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். மீனை முகர்ந்தது. என்னைப் பார்த்தது. நான்தானே என்று உள்ளே போனது. கயிற்றை விட்டேன், கதவு விழுந்து மூடிக்கொண்டது. கம்பியில் மோதி மோதி மூக்கில் ரத்தம் வந்தது.

"ஒரு நாள்தான்டி. நாளைக்கு இங்கயே வந்துடுவே," என்று கூண்டின்மேல் துணியைப் போர்த்தினேன்.

மறுநாள் அதை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர வீட்டுக்காரர் போனார். நான் சுவரோரம் பெட்டியில் புது வைக்கோல் பரப்பி, மீன் வேகவைத்துவிட்டு, இஸ்திரி போட்டபடியே காத்திருந்தேன். வேன் வந்தது. கூண்டு காலி.

"எங்கே?"

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் குடோன் இருக்குல்ல, அங்க விட்டுடச் சொன்னா அக்கா. எலி நெறைய இருக்கு. பொழச்சுக்கும்."

"தையல் போட்ட வயித்தோடயா?"

முன்பக்கத்திலிருந்து நாத்தனார்தான் குரல் கொடுத்தாள்: "இத்தன நாளா யாராலயும் முடியல. நல்லவேள, நீ பிடிச்சுக் குடுத்தே."

கிண்டல் இல்லை. மெய்யாகவே பாராட்டினாள். இஸ்திரிப் பெட்டியை அவள் மேலே வீசாமல் கீழே வைத்தேனே, அதுவே பெரிய காரியம்.

"வண்டிய எடுங்க," என்றேன். முதல்முறையாக அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தார்.

குடோன் வாசலில் மீனைத் தட்டில் போட்டு, விளிம்பைத் தட்டினேன். எங்கெங்கிருந்தோ பூனைகள் வந்தன. கடைசியில், நின்றிருந்த லாரிக்கு அடியில் சிடுமூஞ்சி. ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனியைக் கத்தரித்திருந்தார்கள். வயிறு தரையில் உரச உட்கார்ந்திருந்தது. தட்டை அதன் பக்கம் தள்ளிவிட்டு, வழக்கம்போல் தள்ளி நின்றேன்.

தட்டைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தது. அப்புறம் தையல் போட்ட வயிற்றை இழுத்துக்கொண்டு, சந்துக்குள் ஓடியது.

"பாவம், மயக்கம் தெளியல. உன்னத் தெரியல போலிருக்கு," என்றார் வீட்டுக்காரர்.

"நல்லாத் தெரிஞ்சுதுங்க," என்றேன். "அதான் ஓடுது."