கையெழுத்துக்கு முன்னால்

சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியருகே இரண்டு மீட்டர்கள் இருந்தன. ஒன்று உள்ளே வரும் தண்ணீருக்கு, மற்றொன்று சுத்தமாகி வெளியே போகும் தண்ணீருக்கு. பதினொரு வருடமாகத் தினமும் காலையில் அவற்றைப் பார்த்து எழுதுகிற பெண்ணை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணால் பார்க்காமல் ஒரு எண்கூட எழுத மாட்டாள். அன்று மட்டும், நான்கு என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்பது என்று எழுதி அடித்தாள்.

போன மாதம் அலுவலகத்தில், தண்ணீர், கழிவுக் கணக்கையெல்லாம் கவனிக்க ‘நிலைத்தன்மைப் பிரிவு’ என்று புதிய அறை திறந்திருந்தார்கள். பட்டம் பெற்ற ஒருவர் அதில் வந்து உட்கார்ந்தார். “இனிமே டிகிரி இல்லாதவங்களுக்கு இங்க வேலை கிடையாதாம்” என்று சாப்பாட்டு அறையில் யாரோ கொளுத்திப் போட்டார்கள். அன்றிலிருந்து மீட்டரக்காவுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். மேலாளரிடம் போய் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

கேட்பதை விட்டுவிட்டு, அந்தப் பிரிவுக்கான சஸ்டைனபிலிட்டி பட்டப்படிப்பு எங்கே இருக்கிறது என்று தேடினாள். ஒரு கல்லூரிக்குத் தன் எண்ணைக் கொடுத்தாள். அவ்வளவுதான், அங்கிருந்து ஒரு பெண் தினமும் போன் செய்தாள்.

“ரெண்டே சீட்டுதான்க்கா இருக்கு. விட்டா போயிடும்.”

பத்து நாளாக அந்த இரண்டு சீட்டு இரண்டாகவே இருந்தது. பயந்து போயிருந்தவளுக்கு அது உறைக்கவில்லை.

கட்டணத்தைக் கேட்டு அவள் கணவருக்குத் தலை சுற்றியது. பள்ளி வேன் ஓட்டுகிற மனிதர். இருந்த ஒரே வீட்டை அடமானம் வைத்தால்தான் முடியும்.

“வீடு போயிட்டா எங்க போவோம்?” என்றார்.

“வேலை போயிட்டா மட்டும் வீடு நிக்குமா?” என்றாள். அவர் எழுந்து போய் பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்தார்.

எண்ணை அடித்து எழுதிய அன்று மாலை, வேலை முடிந்து இருவரும் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுப் பத்திரம் இருந்த பையைக் கணவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம், தினமும் போனில் பேசிய பெண். அவளுக்குப் பின்னால் கண்ணாடி அறையில் ஒரு அதிகாரி.

“இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு கையெழுத்து போடுங்கக்கா.”

மீட்டரக்கா பேனாவை எடுத்தாள். விண்ணப்பத்தின் மேலே ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று அச்சிட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் தொழில் புத்தி முழித்துக்கொண்டது.

“முதல் வருஷம் எத்தனை பேர் சேர்ந்தாங்கம்மா?”

“நாப்பது பேர்க்கா.”

“அதுல எத்தனை பேர் இந்தப் படிப்புக்கான வேலையில இருக்காங்க?”

“எல்லாருக்கும் வேலை கிடைச்சிருக்குக்கா.”

“நான் அதைக் கேக்கல. படிச்சு முடிச்ச ஒருத்தரோட நம்பர் குடு. பேசிட்டுப் போடறேன்.”

அந்தப் பெண் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள். மேசை மேல் குனிந்துகொண்டாள்.

“என்கிட்டயே பேசலாம்க்கா” என்றாள், அதிகாரி காதில் விழாத குரலில். “நான் அந்த முதல் பேட்ச்தான். இந்த நாற்காலிதான் எனக்குக் கிடைச்ச வேலை. என்னையும் அந்த நூறு சதவீதத்துல சேத்திருக்காங்க. இன்னும் கடன் கட்டிக்கிட்டிருக்கேன்.”

கணவர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“அப்ப படிப்பே வீணா?”

“வீணில்லக்கா. எங்ககூட ஏழெட்டுப் பேர் நல்லா வந்தாங்க. ஏற்கெனவே வேலையில இருந்தவங்க, முதலாளியே கேட்டு அனுப்பினவங்க. உங்க கம்பெனியில இந்தப் படிப்பைக் கேட்டாங்களா?”

மீட்டரக்கா யோசித்துப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் பயந்து வந்திருந்தாள்.

ஒரு மாதமாகத் தள்ளிப்போட்ட போனை அங்கேயே போட்டாள். டிகிரி இல்லாவிட்டால் வேலை போய்விடுமா என்று கேட்டாள்.

“டிகிரியா? யாரு சொன்னா?” என்றார் மேலாளர். “சுற்றுச்சூழல் தணிக்கைக்கு ரிப்போர்ட் எழுத ஆள் வேணும். ஆறு மாச சான்றிதழ் படிப்பு போதும், அதுக்குக் கம்பெனி பாதி குடுக்கும். அதுக்கப்புறம் வேலை நிச்சயமான்னு கேட்டா, இப்ப என்னால சொல்ல முடியாது. நாளைக்கு வந்து பேசுங்க.”

பயம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் வீட்டை விழுங்குகிற அளவுக்கு அது பெரிதாக இல்லை. மீட்டரக்கா பேனாவை மூடி வைத்து எழுந்தாள். கணவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அவர்கள் எழுந்த நாற்காலிகளில் ஒரு அப்பாவும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பாவின் மடியிலும் ஒரு பை.

“ரெண்டு சீட்டுதான் இருக்குன்னு சொன்னீங்களே, போயிடலையே?” என்றார் அவர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

அந்தப் பெண் பேனாவை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. கண்ணாடி அறையில் அதிகாரி தலை நிமிர்ந்து பார்த்தார். இந்த நாற்காலியும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

“சீட்டு எங்கயும் போகாதுங்கய்யா. பயத்துல கையெழுத்து போடாதீங்க. படிப்பை விக்கிற எங்களைக் கேக்காதீங்க. படிச்சு முடிச்சவங்களைக் கேளுங்க, வேலை குடுக்கிறவங்களைக் கேளுங்க. அதுக்கப்புறமும் வேணும்னு தோணினா, அப்ப வாங்க.”