எலும்பொட்டி

ருக்மிணி மூன்றாம் முறையாக வாய்க்கரிசி போட்டாள். அரிசி கணவர் மகாதேவனின் உதட்டில் நிற்காமல் சட்டைக் காலருக்குள் உருண்டது.

"அப்பா வாய் திறக்காதும்மா. ஃப்யூனரல் ஹோம்ல தைச்சிடுவாங்களாம். மேலயே போட்டுடுங்க," என்றான் மகன் முகிலன், காதோடு.

'காலு ஒட்டுதோ இல்லியோ, நாக்கு ஒட்டிக்கிச்சு புள்ள.' கசாயத் தம்ளரைத் திருப்பித் தரும்போதெல்லாம் அவர் சொன்னதுதான். இப்போது அது பெட்டிக்குள்ளிருந்து கேட்டது. மிச்ச அரிசியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

ஆகஸ்டில் குளியல் தொட்டியில் வழுக்கி அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆப்பரேஷன் முடிந்தும் வலி விடவில்லை. பிளெய்ன்ஸ்பரோவில் மகனின் அபார்ட்மெண்டுக்குப் பின்னால் ஓடையோரம் வெள்ளைப் பூவோடு நின்ற செடியைக் காட்டி, கீழ்வீட்டு ஹெலன் ஆன்ட்டி ஒருநாள் 'போன்செட்' என்றாள். நல்ல மருந்து என்று சைகையும் செய்தாள். போன் என்றால் எலும்பு. செட் பண்ணுவது என்றால் என்னவென்றும் ருக்மிணிக்குத் தெரியும். போதாததற்கு, எதிரெதிர் இலைகள் இரண்டும் அடியில் ஒன்றாய் ஒட்டியிருக்க, தண்டு அவற்றைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. பிரண்டைக்கு இங்கே எங்கே போவது? எலும்பொட்டி என்று தானே பெயர் வைத்து, மகன் ஆபீஸ் போனதும் காய்ச்சி, பதினோரு நாள் கொடுத்தாள். கடைசி நான்கு நாளும் அவருக்கு வாந்தி. அடுத்த நாள் விடியலில் மூச்சு நின்றது. நுரையீரலில் ரத்தக்கட்டி என்றார் டாக்டர்.

ஹெலன் ஆன்ட்டி பெட்டியருகே வந்து அவள் தோளைத் தொட்டாள். கேட்பதற்கு மகனை விட்டால் வேறு நாக்கில்லை.

"கண்ணு, போன்செட் எதுக்குக் குடிப்பாங்கன்னு கேளு."

"இப்பவாம்மா?"

"கேளு."

கேட்டான்.

"காய்ச்சலுக்காம். எலும்பே உடையற மாதிரி வலிக்குமே, அந்தக் காய்ச்சல். வேர்க்க வைக்கறதுக்குக் குடுப்பாங்களாம். ஜாஸ்தியானா வாந்தி வருமாம்."

"எலும்பு ஒட்டாதாமா?"

"பேருதான் அப்படியாம்." பாதிச் சிரிப்பில் நிறுத்தினான். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

தகனம் முடிந்து வீடு திரும்பியதும் முகிலன் சிங்க்கில் கிடந்த பாத்திரங்களைக் கழுவப் போனான். அடியில் அந்தத் தம்ளர் இருந்தது, பச்சை வண்டல் காய்ந்து. மூக்கருகே கொண்டுபோனான்.

ருக்மிணி கதவோரம் நின்றாள். கைக்குள் அந்த வாய்க்கரிசி வேர்வையில் ஊறியிருந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தான். துடைத்துக் கவிழ்த்தான். பிறகு எடுத்து, மறுபடியும் தேய்க்கத் தொடங்கினான்.