கத்துது, கத்துறாங்க

கூடத்துக் கூரையில் மாட்டிய புகை அலாரத்துக்கு 'அத்தை' என்று பேர் வைத்தது தையல்காரர்தான். எண்ணெய் கொஞ்சம் காய்ந்தாலே அது வீலென்று அலறும். "எங்க அக்கா தோத்தா போ!" என்றார் முதல் நாளே. மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். அக்காவே வந்திறங்கிய பிறகும் பேர் மாறவில்லை. சொல்லும் குரல் மட்டும் தணிந்தது. காதில் விழுந்தால் வீடு இரண்டாகிவிடுமே!

மத்தியானம் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அப்பா, அத்தை கத்துது."

கத்தரிக்கோலை நிறுத்தாமலே சிரித்தார். "கத்தாட்டாத்தான் அதிசயம். எதைப் போட்டு உடைச்ச?"

"நான் ஒண்ணும் உடைக்கல. நிறுத்தாம கத்துது."

"பெரியவங்களைப் போய் கத்துதும்பியா? கத்துறாங்கன்னு சொல்லு. எத்தனை தடவை..."

"ஐயோ அப்பா! கத்துறது கூரை அத்தை. நம்ம அத்தை தூங்குறாங்க!"

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. அஃறிணைக்கு ஓர் அத்தை, உயர்திணைக்கு ஓர் அத்தை. இலக்கணம் சரியாகப் பேசியது குழந்தைதான். நிமிர்ந்தார். எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், அவர் வீட்டு ஜன்னலில், கறுப்பாகப் புகை.

"எங்கம்மா நிக்கிற?" போனோடு தெருவில் பாய்ந்தார்.

"அத்தை ரூம் வாசல்ல. தட்டுறேன், எந்திரிக்க மாட்டேங்கிறாங்க. சளி மாத்திரை போட்டாங்க."

"அது கத்தினா என்ன பண்ணணும்னு பேசி வச்சோம்?"

"எதையும் எடுக்காம இறங்கி, தண்ணித் தொட்டிகிட்ட நிக்கணும்."

"கிளம்பு. குனிஞ்சு போ."

"அப்ப அத்தை?"

அதற்கு அந்தத் திட்டத்தில் பதிலே இல்லை. அதைப் போட்டபோது அக்கா வந்திருக்கவில்லை. தூங்குகிறவரை யார் எழுப்புவது என்று யாரும் யோசிக்கவும் இல்லை.

"நான் வந்துட்டேன். நீ போ!"

பதிலுக்கு இருமல். பிறகு அலறல் மட்டும்.

மாடிப்படியின் முதல் திருப்பத்தில் யாரும் இல்லை. இரண்டாவதில் மகள் எதிரே வந்தாள், வெறுங்காலோடு. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

"கீழ யார்கிட்டயாவது சொல்லி தீயணைப்புக்குப் போன் பண்ணச் சொல்லு!"

வீட்டுக்குள் புகை கூரையிலிருந்து நெஞ்சு வரை இறங்கியிருந்தது. மண்டியிட்டார். அக்கா அடுப்பில் வைத்து மறந்த வெந்நீர் வற்றிப்போய், பக்கத்தில் கிடந்த பிடிதுணி பற்றி, தீ அலமாரிக்குத் தாவியிருந்தது. சமையலறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் தவழ்ந்தார். அக்காவின் அறை உள்ளே தாழ்ப்பாள். தோளால் இடித்தார். இரண்டாவது இடியில் பிடுங்கிக்கொண்டது.

அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். "ஏன்டா, கதவைத் தட்டிட்டு வரத் தெரியாது உனக்கு?"

"வாயை மூடிட்டு தவழு!"

பிறந்ததிலிருந்து அக்காவிடம் அவர் சொல்லாத வார்த்தை அது. தவழ்ந்தாள்.

தண்ணீர்த் தொட்டியடியில் மகள் ஓடி வந்து அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தூரத்தில் தீயணைப்பு வண்டியின் மணி. மேலே அந்த அலறல் இன்னும் ஓயவில்லை.

"அது என்ன சத்தம்?" இருமலுக்கு நடுவே கேட்டாள் அக்கா.

தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அதுதான் அத்தை! புகை வந்தா கத்தும். அப்பா வச்ச பேரு."

அவர் தரையைப் பார்த்தார். அக்கா அண்ணாந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பரவால்லடா," என்றாள். "என்னைவிட நல்லாத்தான் கத்துறா."